ஒரு லட்சம் சம்பளம், இரண்டு அடுப்பு: வெளிநாட்டு வாழ்க்கைச் செலவை ஒப்பிடுவது எப்படி?

2025 டிசம்பரில் ஒரு டாலரின் விலை 90 ரூபாயைத் தாண்டியது. அதோடு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய பெருக்கல் கணக்கு ஒன்று மறுபடி களைகட்டிவிட்டது. துபாயில் 4,500 திர்ஹம் சம்பளம் என்றால் நம்மூர்க் காசுக்கு எவ்வளவு? 24ஆல் பெருக்கினால் 1,08,000. 'மாசம் ஒரு லட்சத்துக்கு மேல' என்று பேச்சு பரவ இது போதும்.

ஆள் அங்கே போய் இறங்கியதும் அதே பெருக்கல் எதிர்ப்பக்கம் நின்று பயமுறுத்தும். முடிவெட்டிக்கொண்டு கொடுத்த காசை ரூபாயாக்கிப் பார்ப்பார். இந்தத் தொகைக்குப் பென்னாகரத்தில் வீட்டு ஆம்பிளைகள் மொத்தப் பேரும் வெட்டிக்கொள்ளலாமே என்று மனம் அடித்துக்கொள்ளும். முதல் பெருக்கல் வரவை ஊதிக் காட்டுகிறது, இரண்டாவது செலவை ஊதிக் காட்டுகிறது. இரண்டிலும் இருக்கும் பிழை ஒன்றுதான்: பணம் மாற்றும் விகிதத்தை, பணம் மாற்றாத இடத்தில் போட்டுப் பார்ப்பது.

நாடு மாறும் முன் மாவட்டம் மாறிப் பார்ப்போம்

பென்னாகரத்திலிருந்து ஓசூருக்குக் குடிபோகிறவர் பணம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இரண்டு ஊரிலும் ரூபாய்தான். ஆனாலும் மாதம் 20,000 ரூபாய் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நிற்காது. ஓசூர் வாடகை பெங்களூரைப் பார்த்து ஏறுகிறது. முடிவெட்டு, துணி தைக்கும் கூலி, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளம், எல்லாமே அங்கே ஒரு படி கூடுதல். செல்போன் ரீசார்ஜ், பெட்ரோல், தங்கம், குளியல் சோப்பு இவற்றில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஆக, நாம் காசு கொடுத்து வாங்குவது இரண்டு வகை.

1. ஊர் விட்டு ஊர் போகும் பொருள். செல்போன், தங்கம், பெட்ரோல், மோட்டார் உதிரிபாகம். ஓரிடத்தில் மலிவாக இருந்தால் வியாபாரி அங்கே வாங்கி இங்கே விற்றுவிடுவார். வரியும் போக்குவரத்துக் கூலியும் நீங்கலாக விலை உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வரும்.

2. இருக்கும் இடத்தை விட்டு நகராதது. வீட்டு வாடகை, முடிவெட்டு, தையல், ஆட்டோ சவாரி, சமையல் ஆள், பிள்ளையைப் பார்த்துக்கொள்வது. பென்னாகரத்தில் முடிவெட்டுவது மலிவு என்பதற்காக அதை மூட்டை கட்டி துபாய்க்கு அனுப்ப முடியாது.

இரண்டாவது வகை பணக்கார ஊரில் ஏன் விலை கூடுகிறது? பேலா பலாசா, பால் சாமுவெல்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1964இல் தனித்தனியாகச் சொன்ன விளக்கத்தை ஓசூரை வைத்தே புரிந்துகொள்ளலாம். டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் மாதிரி பெரிய ஆலைகள் இருக்கும் ஊர் அது. இயந்திரத்தின் துணையோடு ஒரு தொழிலாளி ஒரு ஷிப்டில் உருவாக்கும் மதிப்பு அதிகம், சம்பளமும் அதற்கேற்ப. முடிதிருத்துபவர் கையில் இருப்பதோ அதே கத்தரி, அதே நாற்காலி, அதே அரை மணி நேரம். அவர் பென்னாகரத்துக்காரரை விட வேகமாக ஒன்றும் வெட்டிவிடவில்லை. ஆனால் கடையைப் பூட்டிவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போகாமல் அவர் கத்தரி பிடிக்க வேண்டுமானால், கம்பெனிச் சம்பளத்துக்கு ஓரளவாவது ஈடாகக் கிடைத்தாக வேண்டும். ஆலைக்காரர் சம்பளம் கத்தரிக்காரர் கூலியையும் தூக்கிவிடுகிறது. ஓசூர் இருந்த இடத்தில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டை வைத்தாலும் கதை இதுதான், அளவுதான் பெரிது.

டாலருக்கு 65 ரூபாயா, 20 ரூபாயா?

இந்த வித்தியாசத்தை எண்ணாக்குவதற்கு உள்ள அளவுகோல் 'வாங்கும் திறன் சமநிலை'. அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளையும் சேவையையும் இந்தியாவில் வாங்க எத்தனை ரூபாய் வேண்டும் என்பதுதான் அது கேட்கும் கேள்வி. உலக வங்கி ஒருங்கிணைக்கும் பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு நாடாக விலை திரட்டி இதைக் கணக்கிடுகிறது.

2017ஆம் ஆண்டுக்கான கணக்கில் இந்தியாவுக்கு வந்த விடை 20.65 ரூபாய். அந்த ஆண்டு வங்கியில் ஒரு டாலருக்குக் கொடுத்த சராசரி விலை 65.12 ரூபாய். அதாவது அமெரிக்காவில் சம்பாதித்த ஒரு டாலரை இங்கே கொண்டுவந்து செலவழித்தால், அங்கே செலவழிப்பதைப் போல மூன்று மடங்குக்கும் கொஞ்சம் அதிகமாக வாங்கலாம். அந்த டாலரை அங்கேயே செலவழித்தால் அது 65 ரூபாயின் வேலையைச் செய்யாது, 20 ரூபாயின் வேலையைத்தான் செய்யும்.

லண்டனின் எகனாமிஸ்ட் வார இதழ் 1986 முதல் இதையே வேடிக்கையாக மெக்டொனால்ட்ஸின் ஒரு பர்கரை வைத்து அளந்து வருகிறது. இந்தியாவில் மாட்டிறைச்சி பர்கர் இல்லாததால் கோழி பர்கரை வைத்துச் சமாளிக்கிறார்கள். நம் பக்கம் அளப்பதானால் ஒரு உருண்டை ராகிக் களியும் கீரைக் குழம்பும் போதும், என்ன, மற்ற நாடுகளில் விலை கேட்டுவரத்தான் ஆள் கிடைக்காது.

இந்த எண்ணைத் தனி மனிதர் தன் வீட்டுக்கு அப்படியே பொருத்துவதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, இது நாட்டுச் சராசரி. மும்பையும் அரூரும் ஒரே எண்ணுக்குள் அடக்கம். இன்னொன்று, இது யாருடைய கூடை என்ற கேள்வி. அதற்குப் பிறகு வருவோம்.

இரண்டு பையாகப் பிரிக்க வேண்டும்

என் பார்வையில் மொத்தக் குழப்பத்துக்கும் மருந்து இது ஒன்றுதான். சம்பளத்தை மொத்தமாக எந்த எண்ணாலும் பெருக்கக் கூடாது. முதலில் பிரிக்க வேண்டும்.

1. அங்கேயே செலவாகும் பை. வாடகை, சாப்பாடு, பஸ், மின்சாரம், வரி. இதை ரூபாயாக்கவே தேவையில்லை. அங்கே கிடைக்கும் சம்பளத்தில் இது எத்தனை பங்கு என்று பார்த்தால் போதும். சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறதா, கால் பங்கா என்பதே கேள்வி.

2. ஊருக்கு வரும் பை. இதைச் சந்தை விகிதத்தில் முழுசாகப் பெருக்கலாம். இந்தக் காசுதான் காவேரிப்பட்டணத்தில் சிமெண்ட் மூட்டையாகவும், தர்மபுரியில் கல்லூரிக் கட்டணமாகவும் மாறப்போகிறது.

துபாய் முடிவெட்டை ரூபாயாக்கி வருந்துகிறவர் முதல் பையை ரூபாயில் எண்ணுகிறார். 'மாசம் ஒரு லட்சம்' என்கிறவர் முதல் பையையும் இரண்டாவது பையாகவே நினைத்துக்கொள்கிறார்.

ரசீது இல்லாத வரவு

ஒப்பீட்டின் இந்தப் பக்கத்தில், அதாவது ஊர்ப்பக்கத்தில், எல்லோரும் சம்பளத்தை மட்டும் எழுதுவார்கள். கைக்கு வராமலே வீட்டைத் தாங்கும் வரவு ஒன்று இருக்கிறது. அது கணக்கில் ஏறுவதில்லை.

- சொந்த வீடு. கிராமத்தில் அப்பா கட்டிய வீட்டில் இருப்பவருக்கு வாடகை கிடையாது. நாடுகளின் வருமானத்தைக் கணக்கிடுகிறவர்கள் சொந்த வீட்டுக்கும் ஒரு கற்பனை வாடகை வைத்து வருமானத்தில் சேர்ப்பார்கள். நாமும் அதேபோல் எழுத வேண்டும். அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் 6,000 ரூபாய் வரும் என்றால், அந்த 6,000 இங்குள்ள வரவுதான்.

- ரேஷன். 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்.

- மின்சாரம். 2016 முதல் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வரை வீடுகளுக்குக் கட்டணம் இல்லை.

- பஸ். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்கு தினமும் வேலைக்குப் போய்வரும் பெண்ணுக்கு இது மாதக் கணக்கில் நல்ல தொகை.

- உரிமைத்தொகை. தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். இதற்கு விண்ணப்பம் வாங்கும் முகாமே 2023 ஜூலையில் தர்மபுரி மாவட்டம் தொப்பூரில்தான் தொடங்கியது.

- மருத்துவம். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

இதற்கும் மேல், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் ஜெர்மனிக் குடும்பத்தில் இதுதான் பெரிய ஓட்டை. பாட்டி செய்யும் வேலைக்கு அங்கே ஒரு விலை இருக்கிறது, அதுவும் இடம் கிடைத்தால்தான். காய்கறி வாங்கினால் கடைக்காரம்மா கொசுறாகப் போடும் கறிவேப்பிலைக்கும் அங்கே விலை உண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் எண்ணிவைத்த மாதிரி நாலு கொத்து.

எதிர்த் திசையிலும் ஒன்று சொல்ல வேண்டும். குடிதண்ணீருக்குக் காசு கொடுப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடிப்போய் பல்லில் பழுப்புக் கறை ஏறிய தலைமுறை இங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குழாயைத் திறந்து பயமில்லாமல் குடிக்கலாம் என்ற நிலை ஜெர்மனியிலும் சிங்கப்பூரிலும் உள்ள ரசீது இல்லாத வரவு. அதை அந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்டாலும் கணக்கு கோணும்.

குடும்பத்தோடு போனால் கணக்கே வேறு

நாட்டுக்கு நாடு விலைவாசிப் பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு கிலோ தக்காளி எங்கே எவ்வளவு என்பது யாருடைய வாழ்க்கையையும் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது அந்த நாட்டின் சட்டம் குடும்பத்தை எப்படி நடத்துகிறது என்பதுதான். அங்கேதான் பெரிய தொகைகள் கூடுகின்றன, குறைகின்றன.

*வளைகுடா.* ஐக்கிய அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. பொருள்களுக்கு 2018 முதல் 5 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. மனைவி மக்களை அழைத்துவர மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். விசா கிடைப்பதற்கு இது போதும், வாழ்வதற்குப் போதாது. துபாயில் வாடகை ஆண்டுக் கணக்கில் பேசப்படும், பின்னால் வரும் தேதிகளைப் போட்ட செக்குகளாகக் கொடுக்க வேண்டும். அதுபோக ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுவசதிக் கட்டணமாகத் தண்ணீர், மின்சார பில்லோடு மாதாமாதம் வந்து சேரும். ஊழியரின் மருத்துவக் காப்பீடு முதலாளி பொறுப்பு. குடும்பத்துக்கானது, அழைத்து வந்தவர் பொறுப்பு. வெளிநாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளிக்குத்தான் போகிறார்கள். அது ஒரு தனிச் சம்பளம் கேட்கும்.

சவூதியில் வாட் 2020 ஜூலை முதல் 15 சதவீதம். அதே மாதம் முதல், உடன் இருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் கட்டணம். மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 1,200 ரியால். இவர்கள் மூச்சுவிடுவதற்கே இந்தக் காசு, சாப்பாட்டுச் செலவு தனி.

இதனால்தான் வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பலர் தனியாகப் போகிறார்கள். விளைவு, இரண்டு அடுப்பு. அங்கே ஒன்று எரியும், இங்கே ஒன்று எரியும். ஒப்பீட்டில் இரண்டு அடுப்பின் செலவையும் எழுத வேண்டும்.

*ஜெர்மனி.* ஓசூர் வாகனத் தொழிலில் இருந்து போகிற இன்ஜினியர்கள் முதல் மாதச் சம்பள ரசீதைப் பார்த்து அதிர்வது இங்கேதான். ஆஃபர் லெட்டரில் இருப்பது 'ப்ருட்டோ', கைக்கு வருவது 'நெட்டோ'. ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3, மருத்துவக் காப்பீட்டுக்கு 7.3ம் அதன்மேல் கூடுதல் பங்கும், முதியோர் பராமரிப்புக் காப்பீடு தனி. எல்லாம் சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்கு வருமான வரிக்கு முன்பே போய்விடும். மருத்துவக் காப்பீடு அந்தப் பிடித்தத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால் ஆஸ்பத்திரிக்கென்று பெரிதாக எடுத்துவைக்க வேண்டியதில்லை. வருமானம் இல்லாத மனைவியும் பிள்ளைகளும் அரசுக் காப்பீட்டில் கூடுதல் சந்தா இல்லாமல் சேர்ந்துகொள்ளலாம்.

இங்கே ஒரு விசித்திரம். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் தம்பதிக்கு வரி குறைவாகப் பிடிக்கும் 'மூன்றாம் வரி வகுப்பு' இருக்கிறது. அதற்கு மனைவியும் அங்கே வசிக்க வேண்டும். மனைவியை ஓசூரில் விட்டுவிட்டுத் தனியாகப் போனவரிடம் தனி ஆளுக்குரிய வரியைத்தான் பிடிப்பார்கள். குடும்பம் அங்கே வந்தால் பிள்ளைக்கு மாதம் 255 யூரோ அரசு உதவித்தொகை (2025 நிலவரம்), அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. வளைகுடாவில் குடும்பத்தை அழைத்துப் போவது செலவு, ஜெர்மனியில் குடும்பத்தை விட்டுப் போவது செலவு. ஒரே வீட்டின் அண்ணன் துபாயிலும் தம்பி ஸ்டுட்கார்ட்டிலும் இருந்தால், அண்ணன் கொடுக்கும் அறிவுரை தம்பிக்குப் பொருந்தாது.

வாடகை விளம்பரத்தில் 'கால்ட்மீட்டெ', 'வார்ம்மீட்டெ' என்று இரண்டு தொகை இருக்கும். முதலாவது வெறும் சுவருக்கு. இரண்டாவதில் வீட்டைச் சூடாக்குவதும் தண்ணீரும் மற்ற பொதுச் செலவுகளும் சேரும், மின்சாரம் பெரும்பாலும் அப்போதும் வெளியே. முன்பணம் மூன்று மாதக் கால்ட்மீட்டெ வரை கேட்கலாம். பல வீடுகளில் சமையலறை என்றால் நாலு சுவரும் ஒரு குழாயும்தான். அடுப்பு, அலமாரி, தொட்டி எல்லாம் நாமே வாங்கி மாட்ட வேண்டும், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் உண்டு.

*சிங்கப்பூர்.* சுருக்கமாகவே சொல்லலாம். சாப்பாடும் பஸ், ரயிலும் பயப்படும் அளவுக்கு இல்லை. வீடும் காரும்தான் பயம். கார் வைத்துக்கொள்ளும் 10 ஆண்டு உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் பல ஏலங்களில் அந்த உரிமை மட்டுமே 1 லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. ஆகவே காரைக் கூடையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. ஜிஎஸ்டி 2024 முதல் 9 சதவீதம். குடும்பத்தை அழைக்க மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலர் வேண்டும். வெளிநாட்டு ஊழியருக்கு அங்குள்ள மத்திய சேமநிதியில் பிடித்தமும் இல்லை, முதலாளி பங்கும் இல்லை. மாதச் சம்பளம் முழுசாகக் கைக்கு வருகிறதே என்று மகிழும்போது, முதுமைக்கு எதுவும் சேரவில்லை என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு

கீழே இருப்பவை விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள். அவரவர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

கிருஷ்ணகிரியில் சொந்த வீட்டில் இருக்கும் ஒருவர் மாதம் 32,000 ரூபாய் சம்பாதிக்கிறார். வீட்டுச் செலவு 20,000, மிச்சம் 12,000. துபாயில் 4,500 திர்ஹம் வேலை வருகிறது. போவதற்கு 2 லட்சம் கடன்.

1. அங்கே ஒரு அறையில் கட்டில் போடும் இடம் மட்டும் (பெட் ஸ்பேஸ்) 900, சாப்பாடு 700, பஸ்ஸும் போனும் 300, மற்றவை 300. மொத்தம் 2,200 திர்ஹம். இதை ரூபாயாக்க வேண்டாம்.

2. மிச்சம் 2,300 திர்ஹம். இதை மட்டும் 24ஆல் பெருக்கினால் 55,200 ரூபாய்.

3. ஊரில் எரியும் அடுப்பு: அவர் ஒருவர் குறைந்ததால் 20,000 என்பது 17,000 ஆகிறது. போக மிச்சம் 38,200.

4. கடன். நம் பக்கம் வட்டியை ஆண்டுக்குச் சொல்வதில்லை, நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்பதுதான் வழக்கம். 'மூணு வட்டி' என்றால் காதுக்குச் சின்னதாகக் கேட்கும், ஆண்டுக்கு அது 36 சதவீதம். 2 லட்சத்துக்கு மாதம் 6,000. போக 32,200. அசல் அப்படியே நிற்கிறது.

5. ஊரிலேயே இருந்திருந்தால் மிஞ்சும் 12,000ஐக் கழித்தால் 20,200.

பெருக்கல் கணக்கு சொன்ன வித்தியாசம் 1,08,000 கழித்தல் 32,000, அதாவது 76,000. உண்மையில் கூடுதலாகக் கிடைப்பது 20,200. இது சின்னத் தொகையல்ல, 12,000 மிஞ்சிய வீட்டில் 32,200 மிஞ்சுகிறது. போகலாமா வேண்டாமா என்பதை இந்த எண்ணை வைத்துப் பேச வேண்டும், 76,000ஐ வைத்துப் பேசக் கூடாது.

நான்காவது வரிதான் பல வீடுகளைக் கவிழ்ப்பது. வெளிநாட்டு வேலைக்குப் போவதற்கான இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். 2 லட்சம் கேட்டால் மிச்சம் எதற்கு என்று வரிக்கு வரி கேட்டு ரசீது வாங்க வேண்டும்.

ரூபாய் சரிந்தால் லாபமா?

திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போடப்பட்டிருக்கிறது. சவூதி ரியால் 3.75. ஆகவே டாலருக்கு எதிரே ரூபாய் சரிந்தால் இந்த இரண்டுக்கும் எதிரே அதே அளவு சரியும். யூரோவும் சிங்கப்பூர் டாலரும் அப்படிக் கட்டப்பட்டவை அல்ல, அவை தம் போக்கில் ஏறி இறங்கும்.

இந்தச் சரிவில் யாருக்கு என்ன?

1. பணம் அனுப்புகிறவர். அனுப்பும் பைக்கு மட்டும்தான் லாபம். 4,500 திர்ஹம் முழுவதுக்கும் இல்லை, 2,300க்கு மட்டும். அந்த லாபமும் நிற்பதில்லை. 2011இல் ஒரு டாலர் சராசரி 46.67 ரூபாய், 2017இல் 65.12. ஏற்றம் கிட்டத்தட்ட 40 சதவீதம். அதே காலத்தில் வாங்கும் திறன் கணக்கு 15.55இலிருந்து 20.65 ஆனது, அதாவது அமெரிக்க விலையோடு ஒப்பிட இந்திய விலை 33 சதவீதம் ஏறியது. கூடுதலாக வந்த ரூபாயில் பெரும்பகுதியைச் சிமெண்டும் கூலியும் பள்ளிக் கட்டணமும் விழுங்கிவிட்டன.

2. படிக்கப் போகும் பிள்ளை. இவருக்கு நேர் எதிர். ஜெர்மன் மாணவர் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். யூரோ 90 ரூபாய் என்றால் இது 10,71,360. 105 ரூபாய் என்றால் 12,49,920. யூரோவில் ஒரு பைசா கூடவில்லை, ஊரில் வாங்கும் கல்விக் கடன் மட்டும் 1,78,560 ரூபாய் கூடிவிட்டது.

பெரிய படத்தையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். 2023-24இல் வெளிநாடுகளில் இருந்து இந்தியாவுக்கு வந்த பணம் 11,870 கோடி டாலர், ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி அதில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம். இதில் சின்னதாகக் கசியும் ஓர் இடம் உண்டு. செல்போனில் காட்டும் விகிதம் வேறு, பணம் அனுப்பும் கடை கொடுக்கும் விகிதம் வேறு. திர்ஹமுக்கு 25 பைசா குறைத்தாலே 2,300 திர்ஹமில் 575 ரூபாய் போய்விடும். 'கட்டணமே இல்லை' என்று போர்டு வைத்திருக்கும் கடையில் இந்த 25 பைசாவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

யாருடைய கூடை?

முன்பு ஒத்திவைத்த கேள்வி இது. ராயக்கோட்டைத் தக்காளி, சூளகிரி கொத்தமல்லி, ராகி மாவு, பொன்னி அரிசி, முருங்கைக்காய். இந்தக் கூடையை அப்படியே ஜெர்மனிக்குத் தூக்கிப் போனால், ஊரில் மலிவாக இருந்த ஒவ்வொன்றும் அங்கே இந்தியக் கடையின் அலமாரியில் விலை உயர்ந்த சரக்காக உட்கார்ந்திருக்கும். அங்குள்ளவர் கூடையில் இருப்பது உருளைக்கிழங்கு, ரொட்டி, பால், சீஸ், ஆப்பிள். அந்தக் கூடையைத் தர்மபுரிக்குக் கொண்டுவந்தால் சீஸும் ஆப்பிளும் இங்கே விலை கூடிவிடும். எந்தக் கூடையை வைத்து அளந்தாலும், அதற்குச் சொந்தக்காரரின் ஊர் இருப்பதைவிடக் கொஞ்சம் மலிவாகத் தெரியும். பன்னாட்டு ஒப்பீட்டுக் கணக்கில் இதற்காகவே இரண்டு நாட்டுக் கூடைகளிலும் அளந்து இடைப்பட்ட எண்ணை எடுக்கிறார்கள்.

வீட்டுக் கணக்கில் நடப்பதும் இதுதான். போன முதல் ஆறு மாதம் ஊர்க் கூடையோடுதான் கடைக்குப் போவோம், செலவு எகிறும். பிறகு வாரத்தில் நாலு நாள் உள்ளூர்க் காய்க்கு மாறுவோம், செலவு இறங்கும். முதல் இரண்டு மாத பில்லை வைத்து ஐந்து ஆண்டுக்குத் திட்டம் போடுவதும் தவறு, பத்து ஆண்டு அங்கே இருந்தவர் சொல்லும் மாதச் செலவை வைத்துக் கிளம்புவதும் தவறு.

ஊர் விலையிலும் ஒரு கவனம் வேண்டும். பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை நிலைத்து நிற்பதில்லை. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. வரத்து குவியும் நாளில் பறிகூலிக்குக் கட்டாமல் விவசாயி சாலையோரம் கொட்டிவிட்டுப் போனதும் இதே ஊர்களில்தான். இந்த இரண்டில் ஏதோ ஒரு நாளின் விலையைப் பிடித்துக்கொண்டு ஸ்டுட்கார்ட் கடை விலையோடு ஒப்பிட்டால் விடை தாறுமாறாகத்தான் வரும். ஓராண்டின் சராசரியைப் போட வேண்டும்.

ஆஃபர் லெட்டரில் எந்த வரி?

சம்பளம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அமீரகத்துக்குப் போகிறவர் அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். அங்கே வெளிநாட்டு ஊழியருக்கு நம்மூர் பி.எஃப். மாதிரி மாதாமாதம் சேரும் நிதி பெரும்பாலும் கிடையாது. வேலையை விட்டு வரும்போது பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்குமேல் ஆண்டுக்கு 30 நாள். இந்த நாள் கணக்கு அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான். வீட்டுப்படியும் பயணப்படியும் இதில் சேராது.

இரண்டு பேருக்கும் மாதம் அதே 4,500 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் அடிப்படை 1,800, மிச்சம் படிகள். ஐந்து ஆண்டு முடிந்து திரும்பும்போது அவருக்குக் கிடைப்பது 6,300 திர்ஹம். இன்னொருவரின் அடிப்படை 3,000. அவருக்கு 10,500. முன்சொன்ன 24ஆல் பெருக்கினால் முதலாமவர் கையில் 1,51,200 ரூபாய், இரண்டாமவர் கையில் 2,52,000. ஐந்து ஆண்டும் ஒரே அறையில் படுத்து, ஒரே சமையலைச் சாப்பிட்டு, மாதம் ஒரே தொகையை ஊருக்கு அனுப்பியிருந்தாலும், பர்கூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது இருவருக்கும் இடையே ஒரு லட்சத்து எண்ணூறு ரூபாய் வித்தியாசம்.